செட்டிநாடு என்றால் காரைக்குடி மட்டும்தானா? புதுக்கோட்டை பக்கம் இருக்கும் பிரம்மாண்ட வீடுகள்... எங்கே இருக்கு, எப்படிப் பார்ப்பது?

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கக் கிளம்புபவர்கள் பெரும்பாலும் காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று சிவகங்கை மாவட்டத்திலேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அதே நீளமான வீடுகளும் நேர்கோட்டுத் தெருக்களும் மாவட்ட எல்லையைத் தாண்டி புதுக்கோட்டை பக்கமும் இருக்கின்றன. இங்கே கூட்டம் குறைவு, பூட்டிய கதவுகள் அதிகம். சில வீடுகள் இருந்த இடத்தில் இப்போது காலி மனைதான் இருக்கிறது.

இந்த வீடுகள் எந்தெந்த ஊர்களில் இருக்கின்றன? உள்ளே என்ன பார்க்கலாம்? இவ்வளவு பெரிய வீடுகளை ஏன் பூட்டி வைத்திருக்கிறார்கள்? முழு விவரம் இதோ.

செட்டிநாடு எதுவரை?

செட்டிநாடு என்பது ஒரு மாவட்டமோ தாலுகாவோ கிடையாது. நகரத்தார் சமூகத்தினர் குடியேறி வாழ்ந்த ஊர்களின் தொகுப்புக்குத்தான் அந்தப் பெயர். 96 ஊர்கள் என்பது பழைய கணக்கு. இப்போது எழுபத்துச் சொச்சம் ஊர்கள் இருக்கின்றன.

இந்த ஊர்கள் இரண்டு மாவட்டங்களில் பிரிந்து கிடப்பதற்கு வரலாறுதான் காரணம். ஆங்கிலேயர் காலத்தில் ஒரு பகுதி ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களில் இருந்தது. இன்னொரு பகுதி தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. 1948 மார்ச் 3-ம் தேதி சமஸ்தானம் இந்தியாவுடன் இணைக்கப்பட்டு திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. 1974 ஜனவரி 14-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. காரைக்குடி பக்கம் இருந்த ஊர்கள் 1985-ல் உருவான இன்றைய சிவகங்கை மாவட்டத்துக்குள் வந்தன.

ஆக, எல்லைக்கோடு சமஸ்தானத்தின் மிச்சம். வீடுகளின் அமைப்பில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் கிடையாது.

புதுக்கோட்டை பக்கம் எந்தெந்த ஊர்கள்?

திருமயம், பொன்னமராவதி வட்டாரங்களில்தான் இவை அதிகம். கடியாபட்டி என்றும் ராமச்சந்திரபுரம் என்றும் அழைக்கப்படும் ஊர், ராயவரம், அரிமளம், நச்சாந்துபட்டி, கோனாபட்டு, பனையப்பட்டி, குழிபிறை, விராச்சிலை, ராங்கியம், வலையபட்டி, மேலைச்சிவபுரி ஆகியவை முக்கியமானவை.

முதல் தடவை போகிறவர்களுக்கு கடியாபட்டி வசதியானது. அங்கே 'சிதம்பர விலாஸ்' என்ற பழைய வீடு பாரம்பரிய ஹோட்டலாக மாற்றப்பட்டிருப்பதால், ஒரு முழு வீட்டை நல்ல நிலையில் பார்க்க வாய்ப்பு உண்டு. ராயவரம், குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-ல் பிறந்த ஊர். மேலைச்சிவபுரியில் 1909-ல் தொடங்கப்பட்ட சன்மார்க்க சபை, தமிழ் வளர்த்த அமைப்பாக அறியப்படுகிறது.

வீட்டைப் பார்க்கும் முன் தெருவைப் பாருங்கள். பல ஊர்களில் தெருக்கள் அளவெடுத்துப் போட்டதுபோல் நேராக இருக்கும். ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். அதனால்தான் சில தெருக்களில் ஒரு பக்கம் அலங்கார முகப்புகளும், எதிர்ப்பக்கம் நீளமான பின்சுவர்களும் தெரியும்.

வறண்ட பூமி என்பதால் மழைநீருக்கும் ஏற்பாடு உண்டு. ஓட்டுக்கூரையில் விழும் தண்ணீர் முற்றத்தில் இறங்கும். அதை அண்டாக்களில் பிடித்து வைப்பார்கள். மிச்சத் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும்.

வீட்டுக்குள் என்ன பார்ப்பது?

பெரும்பாலான வீடுகள் ஒரே வரிசையில்தான் அமைந்திருக்கும். வாசலில் நின்றால் கதவுக்குப் பின் கதவாக, பின்வாசல் வரை பார்வை நேராகப் போகும்.

முகப்பு: தெருவைப் பார்த்த திண்ணைப் பகுதி. வியாபாரம் பேசவும் கணக்கு எழுதவும் விருந்தாளிகளை உட்கார வைக்கவும் பயன்பட்டது. உயரமான தூண்கள், சுதைச் சிற்பங்கள், வேலைப்பாடு மிகுந்த நிலைக்கதவு எல்லாம் இங்கேதான். நிலைக்கு மேலே பெரும்பாலும் திருமகள் உருவம் இருக்கும்.

வளவு: வானம் பார்த்த முற்றமும் அதைச் சுற்றிய பத்தியும். கல்யாணம், காரியம் எல்லாம் இங்கேதான் நடக்கும். சுற்றிலும் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள் இருக்கும். இவ்வளவு பெரிய வீட்டில் அறைகள் மட்டும் ஏன் இப்படிச் சிறிதாக இருக்கின்றன என்று தோன்றும். அதற்கான காரணம் கொஞ்சம் கீழே வருகிறது.

இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு: சாப்பாட்டுக் கூடம், சரக்கு வைக்கும் இடம், கடைசியில் அடுப்படி. பெண்களின் புழக்கம் அதிகம் இருந்த பகுதி இது. அம்மி, ஆட்டுரல், கிணறு ஆகியவை இங்கேதான் இருக்கும்.

பொருட்களையும் கவனியுங்கள். தூண்களும் உத்தரங்களும் பர்மா தேக்கு. தரையில் இத்தாலிய சலவைக்கல், சுவர் ஓரங்களில் ஜப்பான், ஐரோப்பிய ஓடுகள், கூடங்களில் பெல்ஜியம் கண்ணாடி. சுவரின் வழுவழுப்புக்குக் காரணம் கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அடுக்கடுக்காகப் பூசிய பூச்சு. கையை வைத்துப் பார்த்தால் வெயில் நேரத்திலும் குளிர்ச்சியாக இருக்கும். கண்ணாடிப் பலகை மேல் சாயம் ஊற்றிக் கையால் செய்யும் ஆத்தங்குடி கற்களைப் பிற்கால வீடுகளில் அதிகம் பார்க்கலாம்.

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?

கடல் கடந்த வட்டித் தொழிலும் வணிகமும்தான். 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி இலங்கை, பர்மா, மலேயா, சைகோன் என்று நகரத்தார் கடை வைத்தார்கள். இந்த வீடுகளில் பெரும்பாலானவை 1850-களுக்கும் 1940-களுக்கும் இடையில் கட்டப்பட்டவை.

இதில் பர்மாதான் பெரிய களம். அங்கே நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது கடன் திரும்பவில்லை, அடமான நிலங்கள் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார்களின் நில உடைமை, 1938-ல் சுமார் 25 சதவீதமானது. நிலம் இழந்த பர்மிய விவசாயிகளின் கோபமும் அதோடு சேர்ந்தே வளர்ந்தது. இந்த வீடுகளின் பளபளப்புக்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். விடுதலைக்குப் பின் வந்த பர்மிய அரசின் நிலச்சட்டங்களும், 1960-களின் தேசியமயமாக்கலும் மிச்சத்தை முடித்து வைத்தன. வருமானம் நின்றது. வீடு மட்டும் அப்படியே இருந்தது.

ஏன் பூட்டிக் கிடக்கின்றன?

வளவைச் சுற்றி இருக்கும் அந்தச் சின்ன அறைகளுக்கு இப்போது வருவோம். நகரத்தார் வழக்கத்தில் கல்யாணமான ஒவ்வொரு மகனும் தனிக் கணக்கு. அதை 'புள்ளி' என்பார்கள். பெரிய வீடு எல்லோருக்கும் பொது. ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி அறை, தனிப் பூட்டு, தனிச் சமையல். சீர்ப் பொருட்களையும் பாத்திரங்களையும் வைக்கத்தான் அந்த அறைகள்.

ஒரு தலைமுறையில் நான்கு பங்காளிகள் என்றால், மூன்றாவது நான்காவது தலைமுறையில் பங்குகள் டஜன் கணக்கில் ஆகிவிடும். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். படைப்பு, கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்றால் எல்லோரும் கூடுவார்கள். வருஷத்தின் மற்ற நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்வது ஒரு காவல்காரரோ, வயதான ஒரு தம்பதியோதான்.

பிரச்சனை இங்கேதான் தொடங்குகிறது. கூரையில் நாட்டு ஓடு ஒன்று நகர்ந்தால் போதும், மழைத்தண்ணீர் உத்தரத்தில் இறங்கும், பிறகு கரையான் வரும். ஓடு மாற்ற எல்லாப் பங்காளிகளும் பணம் போட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றுவிடும்.

அப்புறம் விற்கத்தான் தோன்றும். கிராமத்தில் மனைக்குப் பெரிய விலை கிடையாது, உள்ளே இருக்கும் தேக்குக்குத்தான் விலை. அதனால் வீடு வீடாக விற்காமல் தூண், நிலை, ஜன்னல், சலவைக்கல் என்று பிரித்து விற்கப்படுகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அவற்றைப் பார்க்கலாம். அங்கிருந்து நட்சத்திர ஹோட்டல்களுக்கும் பண்ணை வீடுகளுக்கும் போய்ச் சேர்கின்றன.

இடிக்கத் தடை இல்லையா? யுனெஸ்கோ என்ன ஆச்சு?

'யுனெஸ்கோ அங்கீகரித்த செட்டிநாடு' என்று சில இடங்களில் எழுதப்படுகிறது. அது சரியில்லை. 2014-ல் செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில்தான் சேர்க்கப்பட்டன. ஒரு நாடு பின்னாளில் முன்மொழிய நினைக்கும் இடங்களின் பட்டியல் அது. உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து வேறு. தற்காலிகப் பட்டியலில் இருப்பதால் மட்டும் ஒரு வீட்டை இடிப்பதைத் தடுக்க முடியாது.

ஒரு ஒப்பீடு பார்த்தால் புரியும். திருமயம் கோட்டை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சட்டப்படி இப்படிப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். அதே வட்டாரத்தில் இருக்கும் செட்டிநாட்டு வீடு தனியார் சொத்து. பங்காளிகள் ஒத்துப்போனால் பிரித்து விற்கலாம். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே நிறைவேறியது. ஆனால் ஒரு வீட்டைப் பட்டியலில் சேர்த்தால் மட்டும் போதாது, கூரைக்கு ஓடு மாற்றும் செலவு யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது.

இப்போதைக்குத் தப்பிப் பிழைத்திருப்பவை, ஏதோ ஒரு பயன்பாட்டில் இருக்கும் வீடுகள்தான். ஹோட்டல், கல்யாண மண்டபம், சினிமா படப்பிடிப்பு, குடும்ப விசேஷம் என்று ஏதாவது ஒன்று. சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள தக்ஷிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டையே பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். வீடு பிழைத்தது, ஆனால் ஊரை விட்டுப் போனது.

உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் எல்லா வீட்டிலும் இல்லை. ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பக்கம் சில வீடுகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். புதுக்கோட்டை பக்கம் அப்படி டிக்கெட் போட்டுக் காட்டும் ஏற்பாடு குறைவு. கவனிக்க வேண்டியவை:

• ஹோட்டலாக இருக்கும் வீட்டுக்கு முன்கூட்டியே போன் செய்யுங்கள். தங்காதவர்களுக்கும் அனுமதி உண்டா, மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வரலாமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

• தனியார் வீடு என்றால் காவல்காரரிடம் கேளுங்கள். அவர் முடியாது என்றால் விட்டுவிடுங்கள். முதலாளி அனுமதி இல்லாமல் திறந்தால் அவர் வேலைக்குத்தான் ஆபத்து. திறந்து காட்டினால் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வருவது மரியாதை.

• செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுங்கள். சாமி அறையையும் குடும்பப் புகைப்படங்களையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

• பாழடைந்த வீட்டுக்குள் ரீல்ஸ் எடுக்க நுழையாதீர்கள். மேல்தளமும் மாடிப்படியும் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு நாளில் என்னென்ன பார்க்கலாம்?

காலை: புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கி.மீ. தூரத்தில் சித்தன்னவாசல். குடைவரைச் சமணக் கோயிலின் விதானத்தில் தாமரைக்குளம் ஓவியம் இருக்கிறது. மலைமேல் ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவிகளின் 17 கற்படுக்கைகள் உள்ளன. வெயில் ஏறும் முன் மலை ஏறி இறங்கிவிடுவது நல்லது.

முற்பகல்: திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் நாள் பார்த்துப் போங்கள்.

மதியம்: தெற்கே சுமார் 20 கி.மீ. தூரத்தில் திருமயம். ராமநாதபுரம் சேதுபதி 1687-ல் கட்டியதாகச் சொல்லப்படும் கோட்டை, அடிவாரத்தில் அருகருகே சிவனுக்கும் பெருமாளுக்கும் குடைவரைக் கோயில்கள். விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊரும் இதுதான். காரைக்குடி சாலையில் போகும் வண்டிகள் கோட்டை பைரவர் முன் நின்றுதான் கிளம்பும்.

மாலை: கடியாபட்டி அல்லது ராயவரம். வெயில் சாயும் நேரத்தில் தெருக்களில் நடந்து பார்க்கலாம். மூன்று நான்கு ஊர்களை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட, ஒரே ஊரில் இரண்டு மணி நேரம் நடந்தால் அதிகம் புரியும்.

குடுமியான்மலை இசைக் கல்வெட்டும் நார்த்தாமலை விஜயாலய சோழீஸ்வரமும் பார்க்க வேண்டும் என்றால் இன்னொரு நாள் ஒதுக்குங்கள்.

எப்படிப் போவது? எப்போது போவது?

திருச்சி – புதுக்கோட்டை – காரைக்குடி ரயில் பாதையில் திருமயத்துக்கு ஸ்டேஷன் உண்டு, ஆனால் எல்லா ரயிலும் நிற்காது. அருகில் உள்ள விமான நிலையம் திருச்சி. புதுக்கோட்டையிலிருந்து திருமயத்துக்கு பஸ் வசதி நன்றாக இருக்கிறது. உள் கிராமங்களுக்கு டவுன் பஸ் குறைவு என்பதால் ஆட்டோ அல்லது வாடகை கார் வசதி.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் பாறைகள் மேல் கால் வைக்க முடியாது. தை, மாசி முகூர்த்த நாட்களில் போனால் இன்னொரு லாபம் உண்டு. வருஷம் முழுக்கப் பூட்டியிருக்கும் வீடுகளில் சில, கல்யாணத்துக்காக முன்வாசல் முதல் பின்வாசல் வரை திறந்திருக்கும். அழைப்பு இல்லாமல் உள்ளே போக வேண்டாம். தெருவில் நின்று பார்த்தாலே, இந்த வீடுகள் எதற்காக இவ்வளவு நீளமாகக் கட்டப்பட்டன என்பது தெரிந்துவிடும்.