காலைச் சாப்பாடும் கூப்பன் புத்தகமும்

எங்கள் பாடசாலையில் நடந்த பெற்றார் கூட்டமொன்றுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் வந்திருந்தார். பிள்ளைகளின் காலைச் சாப்பாடு பற்றிப் பேசினார். பாணையும் கோதுமை மா ரொட்டியையும் குறையுங்கள், அவித்த பயறு கொடுங்கள், கடலை கொடுங்கள், குரக்கன், இலைக்கஞ்சி, முடிந்தால் ஒரு முட்டை என்றார். நல்ல பேச்சுத்தான். பேசி முடிந்ததும் பின்வரிசையிலிருந்து றப்பர்த் தோட்டத்துத் தாயொருத்தி எழுந்தாள்.

"மிஸ், விடிய முந்தியே நான் பால் வெட்டப் போயிர்றேனுங்க. ராத்திரி சுட்டு வச்ச ரொட்டியைத்தான் புள்ள தின்னுட்டு வருது. மாவைத் தவிர வேற எதை வாங்கி வைக்கிறது?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர் உம்மாமார் இருவரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கீழே பார்த்தார்கள். அவர்கள் வீட்டிலும் பாண்தான். சொல்லப்போனால் அன்று காலை நான் தின்றதும் பாணும் சம்பலுந்தான். ஆனால் எத்தனையோ வருடங்களாக ‘சமநிலை உணவு’ என்று கரும்பலகையில் எழுதிப் பால், முட்டை, பழம் என்று படம் வரைந்து காட்டி வருகிறேன். பிள்ளைகளும் அழகாகப் பார்த்து எழுதுகிறார்கள்.

அந்தத் தாயின் கேள்வி எனக்குச் சரித்திரக் கேள்வியாகப் பட்டது. கோதுமை இந்த மண்ணில் விளைவதில்லை. அப்படியிருக்க, தோட்டத்து லயத்திலும் எங்கள் ஊர்க் குசினியிலும் காலை நேரத்தை அது எப்படிப் பிடித்துக்கொண்டது?

பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. எனினும் அவர்கள் காலத்தில் அது கோட்டைக்குள் இருந்தவர்களின் உணவு. கண்டி இராச்சியத்தில் எமது மூதாதையர் தவளம் கட்டியவர்கள். மாடுகளின் முதுகில் உப்பும் கருவாடும் மலைக்கு ஏற்றி, பாக்கைக் கீழே இறக்கினார்கள். அவர்களுடைய காலை, பழஞ்சோறு அல்லது குரக்கன் ரொட்டி, மாரி காலத்தில் பலாக்காய், மரவள்ளி இந்த நாட்டுக்கு வந்த பிறகு மரவள்ளிக் கிழங்கு. கித்துள் கருப்பட்டிக்கு இந்தப் பகுதியில் பஞ்சமில்லை. பலா என்றதும் ஆதர் வீ. டயஸ் என்பவரை நினைக்க வேண்டும். 1915 இல், எமது சமூகத்தின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்த அந்தக் கலவரத்தின்போது, பிரித்தானியர் சிறையிட்ட சிங்களப் பிரமுகர்களில் அவரும் ஒருவர். பிற்பாடு நாடெங்கும் பலாக்கன்று நடும் இயக்கத்தை நடத்தினார். சிங்கள மக்கள் அவரைப் பலா மாமா என்ற பொருளில் ‘கொஸ் மாமா’ என்றார்கள். பலாக்காய் அவித்துத் தேங்காய்ப்பூவுடன் வைக்கும் எந்த வீட்டிலும் அவருடைய பங்கு கொஞ்சம் இருக்கிறது. 1915 ஐ மறக்காத எங்கள் வீடுகளுக்கும் இது பொருந்தும்.

1820களில் ஆளுநர் பார்ன்ஸ் கொழும்பு - கண்டி வீதியைத் திறந்தார். 1865 இல் முதல் ரயில் பாதை கொழும்பிலிருந்து எங்களுக்கு அண்மையிலுள்ள அம்பேபுஸ்ஸ வரை போடப்பட்டது. கோப்பி இறங்கியது, அரிசி ஏறியது. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளருக்குக் கூலியின் ஒரு பகுதியாகத் தோட்டமே அரிசி கொடுத்தது. அது கடல் கடந்து வந்த அரிசி. பிற்காலத்தில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. கோப்பி அழிந்து தேயிலையும் றப்பரும் வந்த பின்னரும் இந்த ஏற்பாடு மாறவில்லை. ஊரவர் சோறும் பிறநாட்டு அரிசியைச் சார்ந்து போனது.

1934 - 35 இல் மலேரியா வந்தது. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள்தான் அதில் மிகக் கூடுதலாக அடிபட்டன. நாடு முழுவதும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். காய்ச்சலைவிடப் பட்டினிதான் கொல்கிறது என்று கண்ட இடதுசாரி இளைஞர்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள். கொயினாவுடன் மாமயிட்டும் கொடுத்தார்கள். இன்று வசதியான வீடுகளில் பாணில் பூசித் தின்னும் அதே மாமயிட் அன்று மருந்து. அவர்களில் ஒருவர் கலாநிதி என். எம். பெரேரா. எங்களுக்கு அடுத்துள்ள ருவன்வெல்லைப் பக்கத்தில் நிவாரண வேலை செய்து பருப்புப் பங்கிட்டதால் ‘பருப்பு மாத்தையா’ என்று பெயர் பெற்றார். 1936 இல் அந்தத் தொகுதியே அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. இந்தப் பெயரை ஞாபகத்தில் வையுங்கள், திரும்பவும் வருவார்.

1942 இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள். அரிசிக் கப்பல் நின்றது. பங்கீடு வந்தது, கூப்பன் புத்தகம் வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவைத் தின்னப் பழகும்படி மக்களுக்குச் சொல்லப்பட்டது. அன்று தற்காலிகம் என்று வந்த கூப்பன் 1979 வரை போகவில்லை.

இடையில் 1953. டட்லி சேனநாயக்கவின் அரசாங்கத்தில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன. கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியது. அதோடு பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த இலவச உணவும் நிறுத்தப்பட்டது. அரிசி விலையை எல்லோரும் எழுதுகிறார்கள், பாடசாலை உணவைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதுவோர் குறைவு. ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால். பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மாண்டார்கள். அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியக் கப்பலொன்றில் கூடியது. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். அப்போது எதிர்க்கட்சி வரிசையில் நின்று அரசாங்கத்தைத் தாக்கியவர்களில் என். எம். பெரேராவும் ஒருவர். இத்தனைக்கும் முந்திய ஆண்டு டிசம்பரில் சீனாவுடன் றப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்யப்பட்டிருந்தது. ஆண்டுக்கு 50,000 தொன் றப்பர் போக, 270,000 தொன் அரிசி வரும். எங்கள் மாவட்டத்து மரங்களில் வடிந்த பாலும் சீனத்து அரிசியாய்த் திரும்பியது. அதை வெட்டியவளின் சட்டிக்கு எவ்வளவு வந்தது என்பது வேறு கணக்கு.

1970 இல் அமைந்த கூட்டரசாங்கத்தில் பருப்பு மாத்தையா நிதியமைச்சரானார். 1973 இல் உலகச் சந்தையில் கோதுமை, அரிசி, எண்ணெய் எல்லாம் ஒருசேர ஏறின. திறைசேரியில் அந்நியச் செலாவணி இல்லை. இலவச அரிசி குறைக்கப்பட்டது. மாவும் சீனியும் அளந்து கொடுக்கப்பட்டன. வீதிகளில் தடைபோட்டு அரிசி மூட்டைகளைச் சோதித்தார்கள். என் வாப்பா அப்போது இளந்தாரி. "ராவு ரெண்டு மணிக்குப் போறணைக்கு முன்னால போய் நிண்டாத்தான் விடிய அரைப் பாண் கெடைக்கும். அதையும் அஞ்சாப் பிரிக்கணும்" என்பார். ஊரவருக்கு வளவில் பலாவும் மரவள்ளியும் இருந்தன. லயத்தில் இருந்தவர்களுக்கு வளவே இல்லை. அடுத்த ஆண்டு தோட்டங்களின் மரண வீதம் கடுமையாக உயர்ந்தது. பிள்ளைகளோடு தோட்டத்தைவிட்டு இறங்கிப் பட்டினங்களில் கையேந்தியவர்களைப் பார்த்ததாக எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். எங்கள் வாசலுக்கு வந்தவர்களுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று நான் கேட்டதுண்டு. வாப்பா பேச்சை மாற்றிவிட்டார்.

சோளமும் சோயாவும் சேர்ந்த திரிபோஷ தொடங்கியதும் இதே 1973 இல்தான். கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்குமான அந்தப் பொதியை எத்தனை வீடுகளில் எல்லோரும் சேர்ந்து தின்கிறார்கள் என்பது குடும்பநல உத்தியோகத்தருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அதன்பின் கதை வேகமாக ஓடுகிறது. அமெரிக்கக் கோதுமை மலிவாகவும் கடனாகவும் வந்தது. 1979 இல் கூப்பனுக்குப் பதில் உணவு முத்திரை வந்தது. 1980 இல் திருகோணமலையில் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. அரிசியை இடித்து, அரித்து, வறுத்து, அவித்துப் பிட்டாக்க விடியற்காலை ஒரு மணித்தியாலம் வேண்டும். கோதுமை மாவுக்குத் தண்ணீரும் உப்பும் போதும். பாணுக்கு அதுவும் வேண்டாம். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த ஒரு மணித்தியாலம் என்ன பெறுமதி என்று எந்தப் போசாக்கு அட்டவணையிலும் போடுவதில்லை. றப்பர்ப் பாலோ குளிர் விலகுமுன் வெட்டினால்தான் நன்றாக வடியும். வெயில் ஏறினால் ஓட்டம் நின்றுவிடும். அந்தத் தாயின் அடுப்பு இரவிலேயே எரிவது அதனால்தான்.

2022 ஐ நாம் எல்லோரும் கண்டோம். ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அது நோன்பு மாதம். எரிவாயு இல்லாமல் பள்ளிவாசலில் விறகு மூட்டிக் கஞ்சி காய்ச்சினோம். வாளியோடு வந்தவர்கள் வழமையைவிடக் கூட. மாவின் விலையும் பாணின் விலையும் ஏறிய பின்பு, காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் தலைசுற்றி உட்காரத் தொடங்கினார்கள். வெறுந்தேத்தண்ணி குடித்துவிட்டு வந்த பிள்ளை எதுவென்று முகத்தைப் பார்த்தே எங்களால் சொல்ல முடிந்தது. கூட்டத்தைச் சுருக்கினோம். வேறென்ன செய்வது?

அதே ஆண்டு செப்டெம்பர் 15 ஆம் திகதி தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது. முதலில் 1,545 அரசாங்க ஆரம்பப் பாடசாலைகளில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமை நாட்களில் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அது மாநிலமெங்கும் போனது. 1920 இல் சென்னை மாநகராட்சிப் பாடசாலையொன்றில் தியாகராயச் செட்டியார் காலத்தில் தொடங்கிய பகலுணவு, காமராஜர், எம்.ஜி.ஆர். வழியாக நூறாண்டு கடந்து காலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே ஆட்சி மாறினாலும் அடுப்பை அணைக்க எவரும் துணிவதில்லை. இங்கே அது 1953 இல் நின்றது, 1989 இல் பிரேமதாச காலத்தில் மீண்டும் வந்து சில ஆண்டுகளில் மறைந்தது, பின்னர் பல பெயர்களில் வந்து போனது. 2024 மார்ச்சில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது.

குடும்பநல உத்தியோகத்தர் பயறைப் பற்றிச் சொன்னது பிழையல்ல. நானும் அந்தத் தாயிடம் பிறகு பேசினேன். இரவு ரொட்டி மாவில் கொஞ்சம் குரக்கன் மாவும் தேங்காய்ப்பூவும் சேர்க்கலாமே என்றேன். "சேத்துப் பாக்கிறேன் சேர், சம்பளம் போட்ட கையோட" என்றாள். கரும்பலகைப் படத்தில் இப்போது ரொட்டியும் இருக்கிறது. பிள்ளைகள் அதைத்தான் முதலில் வரைந்தார்கள்.