கானல்வரிக்கு உரை இல்லை

கிணத்துக்கடவு தக்காளி மண்டியில் ஏலம் நடக்கும்போது வேறு பேச்சுக்கு இடமில்லை. பெட்டிக்கு இவ்வளவு என்று ஒருவர் கூவுவார், அடுத்தவர் ஐந்து ரூபாய் ஏற்றுவார், கண் இமைப்பதற்குள் ஒரு வரிசை கைமாறிவிடும். அங்கே பல வருஷமாக வியாபாரம் செய்யும் என் நண்பர், ஏலத்தின் நடுவே வாயடைத்து நின்றதை ஒருநாள் பார்த்தேன். லோடு இறக்கிக்கொண்டிருந்த பையனின் செல்போன் அடித்தது. அழைப்பு மணியாக அவன் வைத்திருந்தது ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துப் பாட்டு. பத்து விநாடி ஒலித்திருக்கும், பையன் போனை எடுத்துவிட்டான். அதற்குள் நண்பர் கண் வைத்திருந்த வரிசை இன்னொருவருக்குப் போயிற்று.

“ஏனுங், விட்டுட்டீங்க?” என்றேன்.

“அட, பழம் கொஞ்சம் செங்காயா இருந்துச்சுங்க.”

பழத்தில் குறை ஒன்றுமில்லை. அந்தப் படம் 1982இல் வந்தது. அந்த வருஷம் அவர் தினமும் கிணத்துக்கடவில் பஸ் ஏறிக் கோவைக்குக் காலேஜ் போனவர். நானும் அதே பஸ்தான். அதனால் காரணம் எனக்குத் தெரியும், கேட்டதில்லை.

இம்மலருக்கு இசையும் காதல் நினைவும் பற்றி எழுதச் சொன்னார்கள். தொல்காப்பியத்தைத் தொடாமல் இதை எழுத முடியாது. அகத்திணைக்குக் கருப்பொருள் வகுக்கும்போது தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில் ஆகியவற்றோடு யாழையும் சேர்க்கிறார் தொல்காப்பியர். கூடலும் பிரிதலும் ஊடலும் உரிப்பொருள், மனத்தின் பாற்பட்டவை. யாழ் மட்டும் மரத்தோடும் பறவையோடும் நிலத்தில் நிற்கிறது. இசையை ஏன் உணர்ச்சியின் பக்கம் வைக்கவில்லை என்பது படிக்கிற காலத்தில் எனக்கு விளங்கவே இல்லை. இப்போது ஒரு மாதிரி விளங்குகிறது. காதலர் வருமுன்பே அந்த இடத்தில் ஏதோ ஒரு யாழ் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. அது அவர்களுக்காக வாசிக்கப்படுவதில்லை. அவர்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டபின் பிரித்தெடுக்க முடிவதுமில்லை. புறநானூற்றின் 149ஆம் பாட்டில், வள்ளல் நள்ளியின் கொடையால் மயங்கிய பாணர்கள் மாலையில் மருதமும் காலையில் செவ்வழியும் என்று பொழுது மாற்றி வாசிக்கிறார்கள், முறையே மறந்துவிட்டது என்கிறார் வன்பரணர். பொழுதுக்கும் பண்ணுக்கும் முடிச்சு அவ்வளவு இறுக்கமாக இருந்திருந்தால்தான் இந்தப் பாராட்டுக்குப் பொருள் உண்டு.

எங்கள் யாழ், பஸ் டிரைவரின் தலைக்கு மேலே ஒரு பெட்டியில் இருந்தது. பொள்ளாச்சி ரோட்டுத் தனியார் பஸ்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வேகம் பாதி, பாட்டு பாதி. நல்ல பாட்டு போடும் வண்டிக்காக ஒரு வண்டியை விட்டுவிட்டு நிற்கிற ஆட்கள் உண்டு. ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டாகப் பதிந்து வாங்கிவந்து டிரைவர் கையில் கொடுப்போம். எந்த இடத்தில் எந்தப் பாட்டு வரவேண்டும் என்று கணக்குப் போட்டுப் பதிந்தவர்களையும் அறிவேன். என் நண்பருக்கு வேண்டியது ஒத்தக்கால்மண்டபம். அங்கேதான் அந்தப் பெண் ஏறும்.

ஒருநாள் கேசட் முந்திக்கொண்டது. மாவுக்கட்டுப் போட்ட கைபோலப் பின்படியில் விறைத்து நின்ற நண்பர், கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய், “அண்ணா, அந்தப் பாட்டையே இன்னொருக்காப் போடுங்ணா” என்றார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, “ஏங் கண்ணு, இன்னம் ஸ்டாப்பு வல்லியே” என்றார். முன் இருக்கைப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கேசட் திரும்பச் சுழன்றது.

ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியே புகுந்து பாட்டைப் பிய்த்துவிடும். பல்லவி கேட்கும், சரணத்தில் பாதியைக் காற்றும் என்ஜினும் கொண்டுபோய்விடும், வேகத்தடையில் வண்டி தணியும்போது கடைசி அடி மட்டும் வந்து சேரும். பின்னாளில் அதே பாட்டை வீட்டில் நல்ல கருவியில் போட்டுக் கேட்ட நண்பர், “என்னமோ கொறையுதுங்க” என்றார். பாட்டு முழுசாக இருந்தது. காற்றைத்தான் காணோம்.

இந்த ஒட்டுதலை ஆய்வுக்கூடத்தில் பார்த்தவர்களும் உண்டு. கலிபோர்னியாவின் டேவிஸில் பெட்ர் ஜனாட்டா என்ற அறிஞர் 13 மாணவர்களை ஸ்கேன் கருவியில் படுக்கவைத்து, அவர்களுக்கு 8 முதல் 18 வயது நடந்த காலத்தில் வெற்றிபெற்ற பாட்டுகளிலிருந்து அரை நிமிடத் துண்டுகளைக் கேட்கவைத்தார். 2009இல் முடிவுகள் வெளியாயின. சுமார் 30 சதவீதத் துண்டுகள் சொந்த வாழ்வின் நினைவு ஒன்றைக் கிளப்பின. இசையின் நடையைத் தொடர்வதும் சொந்த நினைவை எடுத்துத் தருவதும் நெற்றிக்குப் பின்னாலுள்ள ஒரே பகுதியில் சந்திக்கின்றன என்று அவர் கண்டார். அல்சைமர் நோய் அந்தப் பகுதியைப் பிந்தித்தான் தாக்குகிறது. அதற்கு 20 வருஷம் முன்னர், 1989இல், ஹோல்புரூக்கும் ஷிண்ட்லரும் வேறொரு வழியில் கணக்கெடுத்தார்கள்: ஒருவருக்கு 24 வயதையொட்டி வந்த பாட்டுகள்மேல்தான் ஆயுளுக்கும் பிடிப்பு அதிகமாம். சரி, 1982இல் பிறந்தே இராத லோடு பையனுக்கு அந்தப் பாட்டின்மேல் என்ன பிடிப்பு? கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்ஸல் 2013இல் இதற்கும் பதில் சொன்னார். பெற்றோரின் இளமைக்காலத்துப் பாட்டுகள் பிள்ளைகளின் மனத்திலும் ஒரு மேடு கட்டி நிற்கின்றன. அடுப்படியில் அம்மா முணுமுணுத்ததாக இருக்கலாம்.

ஆனால் இந்த ஆய்வுகளில் எங்கள் ஊர்ச் சங்கதி ஒன்று அகப்படாது. வெளியூரில் காதலித்தவர்களுக்குப் பாட்டோடு ஒரு போட்டோவும், கடிதக்கட்டும், சேர்ந்து உட்கார்ந்த ஹோட்டல் மேசையும் இருக்கும். இங்கே பலருக்குப் பாட்டு மட்டும்தான். பேசினால் ஊர் பார்க்கும், எழுதினால் அண்ணன் கையில் சிக்கும். சாதி வேறு என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே சொல்ல வேண்டியதையெல்லாம் கேசட்டிடம் ஒப்படைத்தோம். பாட்டில் பெயர் இல்லை, தேதி இல்லை. கல்யாணமாகிப் பேரன் எடுத்தபிறகும் வீட்டில் சத்தமாகவே பாடிக்கொள்ளலாம், யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

கொங்கு நாட்டின் பெரிய காதல் பாட்டு வள்ளி கும்மி. தினைப்புனத்தில் காவல் இருந்த குறவர் வீட்டுப் பெண்ணை வேடனாகவும் கிழவனாகவும் வந்து முருகன் மயக்கிய கதை. பெற்றோர் பார்த்து முடித்த சம்பந்தம் அல்ல, சுத்தமான களவு. காரமடைப் பக்கத்துப் பத்ரப்பன் இந்தக் கலையை வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொடுத்து, ஆண்களே ஆடிவந்த வட்டத்துக்குள் பெண்களையும் கொண்டுவந்தார். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இன்று ஊருக்கு ஊர் கும்மி நடக்கிறது. அப்படியொரு மேடையில், சொந்தச் சாதிக்குள்தான் மணம் முடிப்போம் என்று பெண்களிடம் உறுதிமொழி வாங்கியதும் செய்தியாயிற்று. கிணத்துக்கடவுப் பொன்மலை மேலிருக்கும் முருகனான வேலாயுதசாமி அதைக் கேட்டிருந்தால், வள்ளியைக் கூட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போயிருப்பார் என்று தெரியவில்லை.

இன்னொரு கொங்கு நாட்டாரும் நினைவுக்கு வருகிறார். நிரம்பை ஊர்க்காரரான அடியார்க்குநல்லார். சிலப்பதிகாரத்தின் இசைச்செய்திகள் நமக்கு இவ்வளவாவது புரிகிறதென்றால் பெரிதும் அவர் உரையால்தான். 1892இல் உ.வே.சாமிநாதையர் அந்த உரையோடு சிலம்பைப் பதிப்பித்தார். காப்பியத்தில் காதலையும் இசையையும் ஒன்றாக வைத்துத் திருகிய இடம் கானல்வரி. கடற்கரையில் கோவலன் யாழெடுத்துப் பாடுகிறான், வேறொருத்தியை நினைத்துப் பாடுவதாக மாதவிக்குப் படுகிறது. அவளும் வேறொருவனை நினைப்பவள்போலப் பாடிக் காட்டுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். யார் மனத்தில் யார் இருந்தார் என்பதை இருவருமே கடைசிவரை வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை. பண்ணும் யாழும் தெரிந்த உரைகாரர் இங்கே என்ன சொல்லியிருப்பார் என்று ஆவலோடு பக்கத்தைப் புரட்டினால் ஏமாற்றம்தான். பதிகம் தொடங்கி ஊர்சூழ்வரிவரை கிடைக்கும் அவர் உரையில் கானல்வரிக்கு மட்டும் இல்லை. ஏடு போன வழி தெரியாது. எனக்கென்னவோ, அது இல்லாமல் போனதும் ஒரு விதத்தில் பொருத்தம்தான்.

பத்து நாள் கழித்து மறுபடி மண்டிக்குப் போனேன். ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது. லோடு பையனின் போன் அடித்தது. ஏதோ புதுப் பாட்டு, வெறும் தாளம்.

“பழைய பாட்டு என்னாச்சு கண்ணு?”

“மொதலாளிதானுங்க மாத்தச் சொன்னாரு. ஏலத்துல காது கேக்கறதில்லையாமாங்க.”

நண்பர் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வரிசைக்கு ஐந்து ரூபாய் ஏற்றிக் கூவினார்.