புரதத்தின் முனைகள்: ஒரு வாசிப்புமுறையின் வரலாறு

விஞ்ஞான வரலாற்றைத் தனிமேதைகளின் வரலாறாக எழுதும் வழக்கம் இன்னும் மறையவில்லை. உற்பத்தித் தேவையும் கருவியும் கூட்டுழைப்பும் அவ்வரலாற்றிற் பெறும் இடத்தை, புரதங்களின் முனைகளைக் கண்டறியும் முறைகளின் வளர்ச்சியைக் கொண்டு இங்கு நோக்குவோம்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் பிணைந்த சங்கிலி. அதன் ஒரு முனை அமினோ முனை. மற்றையது காபொட்சில் முனை. 1945இல் கேம்பிரிட்ஜில் பிரெடெரிக் சாங்கர், அமினோ முனையோடு இணைந்து மஞ்சள் நிறம் தரும் சேர்வையொன்றின் துணையால், இன்சுலினின் முனைகளில் கிளைசீன், பீனைல் அலனீன் ஆகிய இரண்டும் உள்ளமையைக் காட்டினார். இருவகைச் சங்கிலிகள் உண்டென்பது அதனாற் புலனாயிற்று. இன்சுலின் தெரிவு செய்யப்பட்டமை தற்செயலன்று. நீரிழிவு மருந்தாக உற்பத்தி செய்யப்பட்டமையால், தூய நிலையிற் கிடைத்த மிகச் சில புரதங்களுள் அதுவும் ஒன்றாயிருந்தது.

சாங்கரின் முறை முனையைக் காட்டியதாயினும் எஞ்சிய சங்கிலியைச் சிதைத்தது. 1950இல் சுவீடனைச் சேர்ந்த பேர் எட்மன், எஞ்சியதைச் சிதைக்காமல் முனையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றும் முறையை வகுத்தார். 1967இல் மெல்போர்னில் அவரும் ஜெப்ரி பெக்கும் அதனை இயந்திரமயமாக்கினர். எனினும், அசெற்றைல் தொகுதியால் மூடப்பட்ட அமினோ முனைகளின் முன் அவ்வியந்திரம் செயலற்று நின்றது.

இத்தடையைத் தாண்ட உதவியது திணிவு நிறமாலையியல். 1919இல் அஸ்டன் அமைத்த கருவி சமதானிகளைப் பிரித்தறிந்தது. ஆயின், பெரும் புரத மூலக்கூறுகளைச் சிதையாமல் மின்னேற்றமுற்ற வாயுநிலைக்குக் கொணர 1980கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதனைச் சாதித்தமைக்காக ஜோன் பென், கொய்ச்சி தனாக்கா ஆகியோர் 2002இல் நோபல் பரிசிற் பங்குபெற்றனர். தனாக்கா கலாநிதிப் பட்டம் பெறாத, கருவி உற்பத்தி நிறுவனமொன்றின் பொறியியலாளர். இன்று பரவலாக வழங்கும் லேசர் முறையை வளர்த்த ஜேர்மானியர் கராஸ், ஹில்லன்காம்ப் ஆகியோர் அப்பரிசில் இடம்பெறவில்லை. பரிசுப் பட்டியல் கூட்டுழைப்பின் முழுக்கணக்கு அன்று என்பதற்கு இது சான்று.

இம்முறையிற் சங்கிலி வாயு மூலக்கூறுகளோடு மோதி உடைகிறது. அமினோ முனையைக் கொண்ட துண்டுகளும் காபொட்சில் முனையைக் கொண்டவையும் இரு வரிசைகளாகின்றன. அடுத்தடுத்த துண்டுகளின் திணிவு வேறுபாடே இடையிலுள்ள அமினோ அமிலத்தை உணர்த்தும். அசெற்றைல் தொகுதி 42 அலகு திணிவைக் கூட்டுவதால், முன்பு தடையாயிருந்த மூடிய முனையே இப்போது சான்றாகிறது.

புதியதற்கும் எல்லை உண்டு. லூசீனும் ஐசோலூசீனும் ஒரே திணிவுடையன. திணிவை மட்டும் கொண்டு அவற்றை வேறுபடுத்தல் இயலாது. எட்மன் முறை அவற்றைப் பிரித்தறியும். ஆகவே பழையது முற்றாக அழிவதில்லை. புதியதன் குறையை நிரப்பித் தொடர்கிறது. ஒவ்வொரு முறையும் தனக்கு முந்தியதன் முரண்பாட்டிலிருந்தே பிறந்தது. பலரது உழைப்பில் விளைந்த இவ்வறிவு, விலையுயர்ந்த கருவிகளை வாங்க வல்ல நாடுகளுக்கும் நிறுவனங்களுக்கும் மட்டும் உரியதாகிவிடலாமா என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.