ஹேவ்லாக் கடலடியில் மூன்று பெயர்கள்

சென்ற மாதம் உடன் பயிலும் தோழி ஒருவர் ஒரு பட்டியலை அனுப்பியிருந்தார். குளிர்கால விடுமுறைக்கு அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குச் செல்கிறார். அங்கே ஸ்கூபா டைவிங்குக்கு எந்தெந்த இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அவர் கேள்வி. நீமோ ரீஃப், அக்வேரியம், தி வால், பரக்குடா சிட்டி, ஜாக்சன்ஸ் பார், ஜானிஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினக்கிள் எனப் பெயர்கள் நீண்டன. ஆழம் எவ்வளவு, நீரோட்டம் எப்படி, அவர் பெற்றிருக்கும் பயிற்சி என்ன என்று விசாரித்து விடை சொல்லியிருக்க வேண்டும். (எனக்கு நீச்சலே தெரியாது என்பதை அவர் அறிவார், ஆயினும் கேட்டார்.) இடப்பெயர்களோடு சில ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு அப்பட்டியல் ஓர் ஆவணமாகவே தோன்றியது.

முதலில் நிலத்தின் மேலிருந்து தொடங்குகிறேன். ஹேவ்லாக், நீல், அவுட்ராம், ஹென்றி லாரன்ஸ், ஜான் லாரன்ஸ், நிக்கல்சன், வில்சன், பீல்: ரிச்சி தீவுக்கூட்டத்தின் வரைபடத்தை விரித்தால் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஒடுக்கிய தரப்பின் பெயர்ப்பட்டியலைப் படிப்பது போலிருக்கும். தண்டனைக் குடியேற்றம் 1858 மார்ச் மாதத்தில் தொடங்கியது. கிளர்ச்சியில் ஈடுபட்டு நாடு கடத்தப்பட்டோர் போர்ட் பிளேரில் காடு வெட்டிக்கொண்டிருக்க, அவர்களைத் தோற்கடித்த தளபதிகள் அண்டைத் தீவுகளில் பெயர்களாக நின்றனர்.

இவர்களுள் ஜேம்ஸ் நீல் சென்னைக்கு அந்நியர் அல்லர். மதராஸ் ஃபியூசிலியர்ஸ் படையை நடத்திச் சென்று அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடுமைகள் புரிந்தவர். 1857 செப்டம்பரில் லக்னோவில் மாண்டார். அவருடைய சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதை அகற்றக் கோரி 1927இல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937இல் இராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் சிலை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அந்தமானில் அவர் பெயர் தாங்கிய தீவு மேலும் 81 ஆண்டுகள் அப்படியே இருந்தது.

2018 டிசம்பர் 30 அன்று நீல் தீவு ஷஹீத் த்வீப் ஆயிற்று. ஹேவ்லாக், ஸ்வராஜ் த்வீப் ஆயிற்று. போர்ட் பிளேரில் சுபாஷ் சந்திர போஸ் கொடியேற்றியதன் 75ஆம் ஆண்டு நிறைவு அந்நாள். மொழியியல் மாணவனின் கண்ணுக்கு ஒரு செய்தி தப்பாது. போஸ் 'ஷஹீத்' என்று பெயரிட்டது அந்தமான் தீவுகள் அனைத்துக்கும்; 'ஸ்வராஜ்' என்றது நிக்கோபாருக்கு. 2018இல் இரு சொற்களும் தம் சுட்டுப்பொருளை இழந்து, ஒவ்வொரு சிறு தீவுக்குள் சுருங்கின. அவற்றுள் ஒன்று நிக்கோபாரை விட்டு அந்தமானுக்கே குடிபெயர்ந்துவிட்டது.

அதே ஹேவ்லாக்கின் ஊர்ப்பெயர்கள் வேறு கதை சொல்கின்றன. கோவிந்தநகர், ஷ்யாம்நகர், கிருஷ்ணநகர், ராதாநகர் என்னும் இவற்றில் வங்க வைணவத்தின் மணம் வீசுகிறது. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் 1950களில் இங்கே குடியமர்த்தப்பட்டனர். கடற்கரைகளுக்கு 3, 5, 7 என எண்களும் வழங்குகின்றன. சுற்றுலாப் பயணிகள் தேடிச் செல்லும் ராதாநகர்தான் ஏழாம் எண்.

இனி நீருக்குள் இறங்கலாம். கடலடிப் பெயர்களுக்கு அரசாணை இல்லை, அரசிதழ் அறிவிப்பு இல்லை. ஆகவே காலத்தைப் பெயருக்குள்ளேயே தேட வேண்டும். நீமோ ரீஃப் எளிது: கோமாளிமீன் ஒன்றை நீமோ என்று உலகுக்கு அறிமுகப்படுத்திய திரைப்படம் வந்தது 2003இல்; அப்பெயர் அதற்கு முன் பிறந்திருக்க வழியில்லை. அக்வேரியம், தி வால் ஆகியவை வெறும் வருணனைகள். மிஞ்சியவை ஜாக்சன், ஜானி, டிக்சன் என்னும் ஆட்பெயர்கள்.

இங்கேதான் நான் தவறினேன். இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கக் கட்டுரையின் வரைவில், இம்மூன்றையும் ஹேவ்லாக், நீல் ஆகியோரின் வரிசையில், 'காலனிய அடுக்கு' என்னும் தலைப்பின்கீழ் வைத்திருந்தேன். ஆங்கிலப் பெயர், ஆங்கில உடைமை உருபு, அந்தமான். வேறென்ன ஐயம் வேண்டும்? யாரோ ஒரு நில அளவையாளர், யாரோ ஒரு கப்பல் தலைவர் என்றே எண்ணினேன். வரைவைப் படித்த நண்பர் ஒருவர் ஓரத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதியிருந்தார்: 'கரேன்?'

ஆம், அவை கரேன் சமூகத்து முக்குளிப்பாளர்களின் பெயர்கள். 1925ஆம் ஆண்டில் காடு திருத்தும் வேலைக்காகப் பர்மாவிலிருந்து கரேன் குடும்பங்கள் மத்திய அந்தமானுக்கு அழைத்துவரப்பட்டன. மாயாபந்தருக்கு அருகில் அவர்கள் அமைத்த முதல் ஊர் வெபி. 'மறைந்திருக்கும் ஊர்' என்று அதற்குப் பொருள் சொல்வர். கிறித்தவர்களாக வந்தவர்களாதலால் ஜானியும் ஜாக்சனும் அவர்கள் வீட்டுப் பெயர்களாயின. (அவர்கள் மொழியைப் பற்றி ஒரு சொல்: திபெத்திய-பர்மியக் குடும்பத்தில் வினை பெரும்பாலும் வாக்கிய இறுதியில் நிற்கும், கரேன் மொழிகளிலோ செயப்படுபொருளுக்கு முன்னே வந்துவிடும். வகைமையியல் வகுப்பில் எனக்கு மனப்பாடமாக இருந்த இச்செய்தி, அம்மொழியினர் இந்தியாவிலேயே வாழ்கின்றனர் என்பதை எனக்கு நினைவூட்டவில்லை.)

மரம் வெட்ட வந்தவர்கள் ஒரு தலைமுறைக்குள் கடலையும் கற்றுக்கொண்டனர். பின்னாளில் ஹேவ்லாக்கில் டைவிங் நிலையங்கள் தோன்றியபோது படகிலும் நீரிலும் கரேன் இளைஞர்களின் கைத்திறன் பயன்பட்டது. எங்கே பாறை எழும்பி நிற்கிறது, எங்கே மீன்கூட்டம் திரளும், எந்த வேளையில் நீரோட்டம் அடங்கும் என்னும் அறிவு பட்டியலில் ஆட்பெயராக உறைந்தது. யூனியன் பிரதேசத்தின் பழங்குடியினர் பட்டியலில் கரேன் மக்களின் பெயர் இன்றளவும் இல்லை. டைவிங் பட்டியலில் இருக்கிறது. தீவுக்குப் பெயரிட்டோர் அதில் வாழ்ந்தோர் அல்லர். கடலடிக்குப் பெயர் தந்தோர் அதனுள் இறங்கியவர்கள். இவ்வேறுபாட்டைக் காணாமல் இரண்டையும் ஒரே அடுக்கில் வைத்த என் வரைவு, உழைத்தவரின் பெயரை ஆண்டவரின் கணக்கில் எழுதியிருந்தது.

இவற்றுக்கெல்லாம் முந்தைய அடுக்கும் ஒன்று உண்டு. ரிச்சி தீவுக்கூட்டத்தில் வாழ்ந்தவர்கள் அக்கர்-பாலே மொழி பேசிய பேரந்தமானியர். குடியேற்றத்துக்குப் பின் பரவிய நோய்களால் அச்சமூகம் அழிந்தது. மொழியும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்தது. ஆமை வேட்டையும் மீன் வேட்டையும் அறிந்த அம்மக்கள் இப்பாறைகளை எவ்வாறு அழைத்தனர் என்று சொல்ல இன்று ஒருவரும் இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த அக்கா-போ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா 2010 ஜனவரியில் இறந்தார். அவ்வாண்டுக் கோடையிலேயே கடல்நீர் சூடேறி அந்தமானின் பவளப்பாறைகள் பெருமளவில் வெளிறின. இரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தன என்பதற்கு மேல் அதில் தொடர்பு காண நான் முயலவில்லை. ஆனால் அந்த ஆண்டைக் கடந்து செல்வது எனக்கு எளிதாக இருந்ததில்லை.

தோழிக்கு ஒருவழியாக விடை எழுதினேன். இதுவரை டைவ் செய்யாதவர் என்பதால், பயிற்றுநர் உடன்வர 12 மீட்டருக்கு மேற்படாமல் இறங்கும் அறிமுக டைவே ஏற்றது. நீமோ ரீஃப் போதும். ஓப்பன் வாட்டர் சான்றிதழ் பெற்றால் 18 மீட்டர் வரை செல்லலாம். டிக்சன்ஸ் பினக்கிளும் ஜானிஸ் கார்ஜும் அதனினும் ஆழமானவை, நீரோட்டமும் உண்டு; மேல்நிலைப் பயிற்சி இல்லாமல் அவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இத்தனையும் எழுதிய பின், படகில் ஏறியதும் டிக்சன் யார் என்று கேட்டுப் பார்க்கும்படி ஒரு வரி சேர்த்தேன்.

'படகோட்டிக்குத் தெரிந்திருக்குமா?' என்று திருப்பிக் கேட்டார். மாயாபந்தர்ப் பக்கத்துக்காரராக இருந்தால் உறவுமுறையே சொல்லக்கூடும் என்று எழுதினேன்.