ரிச்சர்ட் விகெரி: கடிதத்தால் வாக்காளரைத் திரட்டியவர்

அமெரிக்கப் பழமைவாத அரசியலில் நேரடி அஞ்சல் பிரசாரத்தின் முன்னோடியாக அறியப்படுபவர் ரிச்சர்ட் விகெரி. 1933இல் டெக்சஸ் மாநிலத்தில் பிறந்தார்.

1964 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் பேரி கோல்ட்வாட்டர் படுதோல்வி கண்டார். அவருக்கு 50 டாலரும் அதற்கு மேலும் நன்கொடை அளித்தோரின் பட்டியல் நாடாளுமன்ற அலுவலகத்தில் பொதுப் பார்வைக்கு இருந்தது. விகெரி அதைக் கையாலேயே படியெடுக்கத் தொடங்கினார். பின்னர் உதவிக்கு ஆள்களை அமர்த்தினார். சுமார் 12,500 பெயர்கள் சேர்ந்தன. 1965இல் தொடங்கிய அவரது நிறுவனத்துக்கு அதுவே மூலதனமானது.

ஊடகங்கள் தங்களைப் புறக்கணிப்பதாகக் கருதிய பழமைவாதிகளுக்கு, வீடு தேடிச் செல்லும் கடிதம் மாற்று வழியானது. யாருக்கு எந்த விவகாரத்தில் அக்கறை எனக் கணினி வகைபிரித்தது. சிறு நன்கொடைகள் குவிந்தன.

கடிதங்கள் அச்சத்தைத் தூண்டுகின்றன, திரட்டிய பணத்தில் பெரும்பகுதி அஞ்சல் செலவுக்கே போகிறது என்ற குறைகூறல்களும் எழுந்தன. எனினும், இன்றைய மின்னஞ்சல் பிரசாரங்களும் அவர் காட்டிய வழியிலேயே செல்கின்றன.