மூலிகை பெட்ரோலும் மெழுகுக் கணக்கும்

இந்த எபிசோடை எங்க ஊர் சுவாமிமலையில இருந்து பதிவு பண்றேன். பின்னாடி டொக் டொக்னு கேட்குதே, அது பக்கத்து ஸ்தபதி பட்டறை. இன்னைக்குக் கதைக்கு அந்தப் பட்டறையும் தேவை.

1996. ராஜபாளையம் பக்கம் இடையன்குளத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை, மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னார். இலைகளைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, உப்பும் வேறு சிலதும் சேர்த்துக் கலக்குவார். ஆறியதும் மேலே ஒரு திரவம் மிதக்கும். பற்ற வைத்தால் எரியும். டெல்லியில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை விஞ்ஞானிகள் முன்னாலும் செய்து காட்டினார். பார்த்தவர்களில் சிலர் அசந்துபோனார்கள்.

எங்க அப்பாவும் நம்பினார். காவிரித் தண்ணி தாமதமானா டீசல் இன்ஜின் போட்டுத்தான் வயலுக்கு இறைக்கணும். அந்த டீசல் காசு அவர் கழுத்தைப் பிடிக்கும். யாராவது சந்தேகப்பட்டால், "கிராமத்துப் பையன் கண்டுபிடிச்சா படிச்சவனுக்குப் பொறுக்காதே" என்பார். அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. நாட்டு அறிவை ஏளனமாகப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். அதனாலேயே அன்று கேள்வி கேட்பது அவமானப்படுத்துவது மாதிரி ஆகிவிட்டது.

இப்போ பட்டறைக்கு வாங்க. ஸ்தபதி முதலில் மெழுகில் சிலை செய்வார். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிச் சுடுவார். மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார். ஆனால் மண் பூசுவதற்கு முன்னாலேயே மெழுகை எடை போட்டுவிடுவார். அதைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு உலோகம் வேண்டும் என்பது கணக்கு. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று தராசு சொல்லிவிடும். இதில் யாருக்கும் அவமானம் இல்லை.

மூலிகை பெட்ரோல் விஷயத்திலும் விடை அங்கேதான் இருந்தது. பாத்திரத்தையும் இலையையும் எல்லாரும் உற்றுப் பார்த்தார்கள். கலக்குகிற கோலை யாரும் பார்க்கவில்லை. பிறகு கண்காணிப்போடு சோதித்தபோது தெரிந்ததாக வெளிவந்த செய்தி இதுதான்: கோலுக்குள் பொந்து, அதில் பெட்ரோல், வாயை அடைக்க மெழுகு. சூட்டில் மெழுகு உருகும், பெட்ரோல் மேலே வரும்! கோலைக் கலக்குவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டிருந்தாலே போதும். இல்லைன்னா, "இந்தாங்க, எங்க கோலால கலக்குங்க"ன்னு சொல்லியிருக்கலாம்.

விஞ்ஞானிகள் எப்படி ஏமாந்தாங்கன்னு கேட்பீங்க. இயற்கை புதிர் போடும், ஆனா கையில ஒளிச்சு வைக்காது. அவர்கள் பழகியது அதோடுதான். 1989இல் அமெரிக்காவில் பான்ஸ், ஃப்ளைஷ்மன் இருவரும் அறை வெப்பநிலையிலேயே அணு இணைவு நடக்கிறது என்றார்கள். பல நாட்டு ஆய்வகங்கள் தங்கள் கருவியில், தங்கள் கையால் செய்து பார்த்தன. பெரும்பாலானவற்றில் அது வரவில்லை. யாரையும் மோசடிக்காரர் என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமலே விஷயம் தெளிந்தது. சோதனை சொல்பவர் கையில் இருக்கக் கூடாது, சந்தேகப்படுபவர் கைக்கு மாற வேண்டும்.

இங்கே அது தாமதமானதால் ஜனங்கள் காசு கொடுத்தார்கள். அந்த எரிபொருள் கடை போட்டு விற்கப்பட்டது. 2000இல் சி.பி.ஐ. அவரைக் கைது செய்தது. விற்றது டொலுயின், நாஃப்தா போன்ற பெட்ரோலிய ரசாயனங்களின் கலவை என்பது வழக்கு. 2016இல் சென்னை எழும்பூர் நீதிமன்றம் மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. அவரோ தன் கண்டுபிடிப்பு உண்மை என்றே சொல்லி வந்தார்.

அப்பா போன மாசம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். தண்ணியில ஓடுற பைக்காம். கீழே ஒரே வரி: "எடை போட்டுப் பார்த்தாங்களாப்பா?"