லோக்கல் 560: கைவிட்டுப் போன சங்கம்

தொழிற்சங்க மலர்களில் வென்ற வேலைநிறுத்தங்களும் வாங்கிய போனஸும்தான் பெரும்பாலும் இடம்பெறுகின்றன. ஒரு சங்கம் உறுப்பினர் கையைவிட்டு எப்படிப் போகிறது என்பதையும் நாம் படித்தாக வேண்டும். அதற்காகவே, அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் யூனியன் சிட்டியில் இயங்கும் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் 560ஆம் கிளையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். லாரி ஓட்டுநர்களும் கிடங்குத் தொழிலாளர்களும் சேர்ந்த கிளை அது. 1980களில் ஏறத்தாழ 10,000 பேர் அதில் இருந்தார்கள்.

1958இல் கிளைத் தலைவரானவர் அந்தோணி ப்ரோவென்சானோ. நியூயார்க்கின் ஜெனோவீஸ் மாஃபியா கும்பலிலும் அவர் ஒரு பெரிய ஆள். அவருக்குப் போட்டியாக உறுப்பினர்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்தவர், செயலாளர்-பொருளாளர் அந்தோணி காஸ்டெலிட்டோ. 1961 ஜூனில் காஸ்டெலிட்டோ காணாமல் போனார், உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தக் கொலைக்காக ப்ரோவென்சானோவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 1978இல். இடைப்பட்ட காலத்தில், கொலையில் பங்குகொண்ட சால்வடோர் பிரிகுக்லியோ அதே சங்கத்தில் சம்பளம் பெறும் நிர்வாகியாக உட்கார்ந்திருந்தார்.

1963 மே மாதம் வால்டர் கிளாக்னர் என்ற உறுப்பினர் கிளைக் கூட்டத்தில் எழுந்து தலைமையை எதிர்த்துப் பேசினார். மறுநாள் காலை ஹோபோக்கனில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்க எவருக்குத் துணிவு வரும்? தினமும் ஒரு கொலை தேவைப்படவில்லை. ஒன்றிரண்டு போதும், மிச்சத்தைப் பயம் பார்த்துக்கொண்டது.

காலியான பதவிகள் நியமனத்தால் நிரம்பின. முதலாளிகளிடம் மாமூல் வாங்கிய வழக்கில் அந்தோணி சிறைக்குப் போனார். தம்பிகள் சால்வடோரும் நுன்சியோவும் சங்கத்தைப் பார்த்துக்கொண்டார்கள். தண்டனை பெற்றவர் சங்கப் பதவி வகிக்கக் கூடாது என்ற சட்டப்படியான தடைக்காலம் முடிந்ததும், 1975இல் அண்ணன் மறுபடி பதவிக்கு வந்தார். மாமூல் கொடுத்த நிறுவனங்கள் ஒப்பந்தத்தை மீறினாலும் சங்கம் கண்டுகொள்ளாது. உறுப்பினர் சந்தா கட்டிக் காத்த உரிமையைத் தலைமை விலைக்கு விற்றது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

1982இல் அமெரிக்க அரசு, குற்றக் கும்பல்களை ஒடுக்குவதற்கான ரிக்கோ சட்டத்தின் கீழ் இந்தக் கிளைமீது உரிமையியல் வழக்குத் தொடர்ந்தது. ஒரு தொழிற்சங்கக் கிளைமீது அப்படி வழக்கு வந்தது அதுவே முதல் முறை. 1984இல் நீதிபதி ஹெரால்ட் ஆக்கர்மன் அளித்த தீர்ப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று: சங்கத்தில் பேசவும் வாக்களிக்கவும் உறுப்பினருக்குள்ள உரிமை அவருடைய சொத்து, அச்சமூட்டி அதைப் பிடுங்குவதும் மிரட்டிப் பறித்தலே. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நிலைத்தது. 1986இல் செயற்குழு முழுவதும் நீக்கப்பட்டு, நீதிமன்றம் நியமித்த நிர்வாகியிடம் சங்கம் ஒப்படைக்கப்பட்டது. 1987 முதல் அந்தப் பொறுப்பை வகித்தவர் எட்வின் ஸ்டியர்.

ஆனால் 1988 இறுதியில் தேர்தல் நடந்தபோது உறுப்பினர்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? பழைய அணியைத்தான். ப்ரோவென்சானோ குடும்பத்துக்குப் பின் தலைமையில் இருந்த மைக்கேல் ஷியாராவைப் போட்டியிட விடாமல் நீதிமன்றம் தடுத்தது. அவருடைய சகோதரர் டேனியல் நின்று வென்றார். 'டீம்ஸ்டர்ஸ் ஃபார் லிபர்ட்டி' என்ற பெயரில் அந்த அணி அரசுத் தலையீட்டுக்கு எதிராக ஓட்டுக் கேட்டது. வாக்களித்தவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அரசும் முதலாளியும் சங்கத்துக்குள் நுழைவதை எதிர்த்தே வளர்ந்த தொழிலாளிக்கு, நீதிமன்ற நிர்வாகியும் வெளியாள்தான். முப்பதாண்டுப் பழக்கத்தை ஒரு வாக்குச்சீட்டு மாற்றிவிடாது.

சங்க விவகாரங்களில் மைக்கேல் தலையிடுவதை நீதிமன்றம் அதன்பிறகும் தடுக்க வேண்டியிருந்தது. ஸ்டியர் கூட்டங்களை நடத்தினார், குறைகளைக் கேட்டார், உறுப்பினர்களிலிருந்தே புதிய நிர்வாகிகள் உருவாக இடம் கொடுத்தார். 1998 தேர்தலில் பீட் பிரவுன் அணி வென்றது. 1999 பிப்ரவரியில், 13 ஆண்டுகளை நெருங்கியிருந்த நீதிமன்ற மேற்பார்வை விலக்கப்பட்டு, 560ஆம் கிளையின் நிர்வாகம் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தவர்களிடம் வந்தது.